பங்காளி வரிசை

பெண்கள் ஒரு வரிசை, பையன்கள் எதிர் வரிசை. குடும்பப் பெயரின் அகர வரிசையில் நிற்கச் சொல்லியிருந்தார் கெஸ்லர் சார்.

அதனால் முவாக்களுக்கு எதிரே முவாக்கள் நின்றார்கள்.

லாவோஸிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய மோங் மக்களின் புத்தாண்டுப் பந்து விளையாட்டைப் பற்றி அவர் ஒரு வாரமாகப் படித்திருந்தார். டென்னிஸ் பந்துகள் கூட வாங்கி வந்திருந்தார். ஒரே குலத்துக்குள் பந்து வீசக் கூடாது என்பதை மட்டும் எங்கோ தவறவிட்டிருந்தார்.

கதவோரம் தலைமையாசிரியை நின்றார். இன வரலாற்று வகுப்பு அடுத்த வருடமும் தேவையா என்று பார்க்க வந்திருந்தார். அது எல்லோருக்கும் தெரியும்.

“வீசுங்க!” என்றார் கெஸ்லர்.

இரு கோடியிலும் பந்துகள் பறந்தன. நடுவில் ஒன்றுகூட நகரவில்லை.

“வீசித் தொலைச்சிடாதடா. நீ எனக்கு அண்ணன் முறை,” என்று பல்லைக் கடித்தாள் பாகோ முவா.

எதிரே நின்ற தூ பீ பந்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். “நான் ஏன் வீசுறேன்? ஃபிரெஸ்னோவுல இருக்கிற முவா மொத்தமும் திரண்டு வந்து என் காலை உடைக்கும்.”

கெஸ்லரின் முகம் சிவந்தது. தலைமையாசிரியை கதவுப் பிடியில் கை வைத்தார்.

பாகோ அந்த வகுப்பில் வாயே திறக்காதவள். கை உயர்ந்த பிறகுதான் அது தன் கை என்று அவளுக்கே தெரிந்தது.

“சார், முவாவுக்கு முவா வீசக் கூடாது. நாங்க பங்காளிங்க. கட்டிக்கிற முறை இருந்தாத்தான் பந்து.”

கெஸ்லர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “ஐயோ! அண்ணன் தங்கச்சிங்களையா ஜோடி சேர்த்துட்டேன்?”

முதலில் சிரித்தது தலைமையாசிரியை.

“இன்னுமா இதெல்லாம் பார்க்கிறீங்க?”

“கல்யாணத்துக்குப் பார்ப்போம் மேடம். காப்பியடிக்கப் பார்க்க மாட்டோம்,” என்றான் தூ பீ.

“நீயே வந்து சரியா வரிசையில நிறுத்தும்மா,” என்றார் கெஸ்லர்.

பாகோ வந்தாள். தோளைப் பிடித்துத் தள்ளினாள், சட்டையைப் பிடித்து இழுத்தாள். யார் யாருக்குப் பங்காளி என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனாள்.

“அடுத்த வருஷம் இதை வெளியே புல்தரையில வெச்சுக்குங்க,” என்று சொல்லிவிட்டுத் தலைமையாசிரியை கிளம்பினார்.

வகுப்பு கூவித் தீர்த்தது.

தூ பீ புது வரிசையை மேலும் கீழும் பார்த்தான்.

“ஏய், ரமீரோ மெக்சிகோக்காரன். அவன் மீ லோருக்கு எதிர்ல நின்னது சரியாத்தானே இருந்துச்சு? அவனை எதுக்கு உன் எதிர்ல மாத்தின?”

பாகோவுக்குக் காது கேட்கவில்லை. அவள் பந்து ஏற்கெனவே ரமீரோவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.