செத்த மரம்

தச்சருக்கு ஸ்னூக்கர் ஆட்டக்காரர் வைத்திருந்த கூலி பாக்கி ஆயிரத்து எண்ணூற்றைம்பது ரூபாய். பணத்துக்குப் பதில் சண்டைதான் பட்டறைக்கு வந்தது.

“முப்பது வருஷ ஆஷ் மரம்ப்பா இந்த ஸ்டிக்! பந்தைத் தொட்டா உள்ளங்கைக்குச் சேதி வரும். நீ நுனியில தோல் டிப் மாத்தினதுல இருந்து மரமே செத்துப்போச்சு.”

தச்சர் ஸ்டிக்கை வாங்கி, மேசையில் ஒரு பந்தை வைத்து அடித்துப் பார்த்தார். அதிர்வு சுத்தமாகக் கைக்கு வந்தது.

“மரம் நம்ம ரெண்டு பேரைவிட உசிரா இருக்குண்ணே. பாக்கி தராம இருக்க இப்படி ஒரு சாக்கா?”

“நானா சாக்கு சொல்றேன்?” ஆட்டக்காரர் மேசையில் ஓங்கி அறைந்தார்.

அறைந்த கை அங்கே கிடந்த உளியின் கூர்மேல் விழுந்தது. ரத்தம் மேசையில் பரவியது. அவரோ கையை எடுக்காமல் மரத்தையே திட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணே... கை!”

அவர் குனிந்து பார்த்தார். “வலிக்கவே இல்லியேப்பா...”

தச்சர் துணியால் காயத்தை இறுக்கிக் கட்டினார். “பாக்கி கிடக்கட்டும்ணே, எனக்கு வேண்டாம். வாங்க, டாக்டர்கிட்ட போவோம்.”