நிமிடத்துக்குப் பதினாறு

நோணாங்குப்பம் உப்பங்கழியில் படகு கவிழ்ந்து மூன்று மாதமாகியும் அமுதவல்லியின் அண்ணன் உடல் கிடைக்கவில்லை. அங்கிருந்து எடுத்துவந்த நீரின் உப்பளவை அவள் கல்லூரி ஆய்வகத்தில் லேசரால் அளந்துகொண்டிருந்தாள். நீரைக் கடந்த ஒளி திரையில் சிவப்புக் கோடுகளாக விழும். நீர் அசைந்தால் கோடுகளும் நகரும்.

குழாய்த் தண்ணீரில் அவை அசையாமல் நின்றன. இந்த நீரில் மட்டும் விரிந்து விரிந்து சுருங்கின. நிமிடத்துக்குப் பதினாறு முறை.

“ஏசி காத்தா இருக்கும்மா,” என்று உதவியாளர் பலராமன் அதை நிறுத்தினார். கோடுகள் நிற்கவில்லை.

“யாரோ மூச்சு வுடற மாதிரி இருக்குதும்மா,” என்றவர் வெளியே போய்விட்டார்.

அமுதவல்லி தன் மூச்சை அடக்கிப் பார்த்தாள். கோடுகள் விரிந்தன, சுருங்கின.

“அண்ணா,” என்றாள் மெதுவாக.

கோடுகள் நின்றன. யாரோ கேட்பதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல.