ஒரே ஒரு சின்னக் கேள்வி

"வாராவாரம் ரேடியோவுக்குப் போன் போட்டு அந்தத் தொகுப்பாளரை அறுக்குறது நீங்கதான்னு மட்டும் வாய் தவறிச் சொல்லிடாதீங்க. கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளிடுவாங்க" என்றாள் தையல்காரரின் மனைவி.

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 'எல்லைக்கோடு' என்ற வானொலி விளையாட்டு அரட்டை நிகழ்ச்சியின் தொப்பி, பனியன், சாவிக்கொத்து எல்லாம் அவர் கடைச் சுவரில் தொங்கின. அத்தனையிலும் தொகுப்பாளரின் கையெழுத்து. எங்கெங்கோ அலைந்து தேடிப் பிடித்தவை. காபிக் கோப்பையில் மட்டும்தான் கையெழுத்து பாக்கி. இன்றோடு நிகழ்ச்சியே முடிகிறது.

வானொலி நிலைய வாசலில் தொகுப்பாளர் காரிலிருந்து இறங்கினார். தையல்காரர் ஓடிப்போய்க் கோப்பையை நீட்டினார். பதற்றத்தில், போனில் எப்போதும் ஆரம்பிக்கிற வாசகமே வாயில் வந்து விழுந்தது.

"சார், ஒரே ஒரு சின்னக் கேள்வி..."

தொகுப்பாளர் அப்படியே நின்றுவிட்டார். "அட, நீங்களா அது?"

"மன்னிச்சிடுங்க சார். இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன்."

தொகுப்பாளர் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனார். ஒலிப்பதிவு அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள், எந்தக் கடைக்கும் வராத ஒரு கோப்பை இருந்தது. அதில் அச்சிட்டிருந்தது: 'ஒரே ஒரு சின்னக் கேள்வி.' சுற்றிலும் நிலையத்தார் அத்தனை பேரின் கையெழுத்து.



"ஆரம்பத்துல ஒருத்தர்கூடப் போன் பண்ணலை. நீங்க மட்டும்தான் பண்ணீங்க. உங்களை நம்பித்தான் மைக்கையே திறந்தோம்" என்றார் தொகுப்பாளர். கோப்பையை வெளியே எடுத்து, பேனாவோடு நீட்டினார்.

"ஒரே ஒரு சின்னக் கையெழுத்து, சார்."