இடது காதில் குடியிருந்தவர்

சிங்க ராஜாவின் இடது காதில் ஒரு தெள்ளுப்பூச்சி குடியிருந்தது. பதவி ஒன்றும் கிடையாது. ஆனாலும் ஆற்றங்கரையில் ராஜா கண்ணயர்ந்ததும், மந்திரி யானை அந்தக் காதருகே மண்டியிட்டது.

"தெள்ளு அண்ணா, கரும்புக்காட்டை எனக்கே கொடுக்கச் சொல்லி ராஜாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க!"

"நேற்று கரடி எனக்காக ஆடினான். நீ?"

யானை உடனே தைதையென்று ஆடியது. கால் வழுக்கித் தொபீரென்று ஆற்றில் விழுந்தது. எழும்பிய தண்ணீர் ராஜாவின் தலையில் அறைந்து, தெள்ளை அடித்துக்கொண்டு போனது.

சிங்கம் விழித்துத் தலையை உதறியது. "ஐயோ, காதுக்குள்ள தண்ணி போயிடுச்சே!"

யானை சொட்டச் சொட்டக் கரையேறியது. அதே காதருகே மறுபடி மண்டியிட்டது.

"தண்ணி அண்ணா, வணக்கம்! ஒரு கரும்புக்காடு விஷயமா வந்தேன்..."