முப்பத்திரண்டு கம்பிகள்

“ஊர் உலகத்தோட எல்லாம் பேசறாரு. பெத்த பிள்ளையோட பேச மட்டும் உங்கப்பாவுக்கு வாய் வராதா?”

மனைவி கேட்டதும் அவன் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தான்.

ஏழு வருஷத்துக்கு முன், அவன் இவளைக் கட்டிக்கொண்ட அன்று, “இனி உன்கூட ஒரு வார்த்தை பேச மாட்டேன்” என்றவர் அப்பா. சொன்ன சொல்லில் நின்றார். போன் போட்டால் வைத்துவிடுவார்.

ஆனால் கடலுக்கு அந்தப் பக்கமிருந்து, தினமும் காலை ஆறு மணிக்கு, லைசென்ஸ் எடுத்தவர்கள் வீட்டிலிருந்தே பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோவில் நண்பர்களோடு அரட்டை. அந்தக் குரலுக்காகவே அவனும் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினான். தோட்டத்தில் ஓர் அலுமினியக் கம்பத்தை ஆன்டெனாவாக நட்டான். ஒரு மாசமாக நடுவில் புகுந்து “அப்பா, அப்பா” என்று கூப்பிட்டும் பார்த்துவிட்டான்.

பதில் இல்லை. அவன் கூப்பிட ஆரம்பித்த நாளிலிருந்து, அப்பா நண்பர்களுக்குப் பாடம் எடுக்கத் தொடங்கியதுதான் மிச்சம்.

“கம்பத்தை நட்டுட்டா ஆயிடுச்சா? அடியிலேருந்து நாலா பக்கமும் மண்ணுல கம்பி ஓடணும். இல்லேன்னா பாதி சக்தியை மண்ணே தின்னுடும். நாலு கம்பி பத்தாது, முப்பத்திரண்டு போடணும்.”

“உங்களைத்தான் குத்திக் காட்டறாரு” என்றாள் அவள்.

“குத்தினாலும் சரியான இடத்துலதான் குத்தறாரு.”

மண்வெட்டியை எடுத்தான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை, தரையைக் கீறிக் கீறிக் கம்பி புதைத்தான். இருபதாவது கம்பிக்குக் குறுக்கே அவளுடைய தக்காளிப் பாத்தி. தயங்கி நின்றான்.

அவளே வந்து செடிகளைப் பெயர்த்துத் தள்ளி நட்டாள். “நல்லாவே கேட்கட்டும். அப்புறமும் பேசலேன்னா அவர் மனுஷனே இல்லை.”

மறுநாள் காலை அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுக் கூப்பிட்டான்.

“அப்பா, கேட்குதா?”

வெறும் இரைச்சல். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

பிறகு அப்பாவின் நண்பர் குரல் வந்தது. “தம்பி, கணீர்னு கேட்குதுப்பா. ஏய்யா, முப்பது வருஷமா ஆன்டெனா கட்டற எங்களுக்கு எதுக்குப் பாடம்னு இப்பத்தானே புரியுது. பிள்ளை கூப்பிடறான், பேசேன்யா.”

அப்பா அப்போதும் மகனிடம் பேசவில்லை. நண்பரிடம்தான் சொன்னார். 

“ஒரு மாசமா ‘அப்’னு பாதிதான் வந்துச்சு. மீதியையும் கேட்கணும்போல இருந்துச்சுய்யா.”