அழிக்க அழிக்க ஏரி

யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய அந்த இணைய வரைபடத்தில், மண் கொட்டி மூடப்பட்ட ஏரியைப் பிலோமினா நீலமாக வரைந்து வைத்திருந்தாள். அங்கே பிளாட் போட்டு விற்கும் தணிகாசலம் அவள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அத அழிச்சுரும்மா. அதப் பாத்துட்டு ஒருத்தனும் வாங்க மாட்டேங்குறான்."

அவர் கண்ணெதிரிலேயே அழித்தாள். அவர் செருப்பை மாட்டுவதற்குள் நீலம் திரும்பி வந்துவிட்டது.

"யாரு போட்டது?"

"தெரியாது சார். பேரப் பாத்தா வெளியூர்க்காரங்க மாதிரி இருக்கு."

மறுபடி அழிக்கச் சொன்னார். அழித்தாள். இம்முறை வேறொருவர் வரைந்து, குறிப்பும் எழுதியிருந்தார்: 'பழைய சர்வே படத்தைப் பார்த்துக் கரையைச் சரிசெய்திருக்கிறேன்.' ஏரி முன்பைவிடப் பெரிதாக இருந்தது. தணிகாசலத்தின் மாடி வீடும் நீலத்துக்குள் இருந்தது.

"இதையும் அழிக்கவா சார்?" என்றாள் பிலோமினா.