ஐம்பத்தைந்தாம் நாள்

ஏழு மணிக்குப் போன் அடித்தது. உடையப்பன் இரண்டு முறை அடிக்க விட்டு எடுத்தான். முதல் முறையிலேயே எடுத்தால் காத்துக் கிடந்தது தெரிந்துவிடுமே என்ற வெட்கம்.

“அண்ணே, சாப்ட்டாச்சா? இன்னிக்கு என்ன சாப்ட்டீங்க?”

தினேஸ்வரி கேட்டாள். தினமும் இப்படிக் கேட்பது அவள் வேலை. மலேசியாவின் ஈப்போ நகரில் ஓர் ஆய்வுக்கூடம் குண்டானவர்கள் நாற்பது பேரைச் சேர்த்து, எட்டு வாரத்துக்கு அளந்து பெட்டியில் வைத்த உணவு கொடுக்கிறது. பாதிப் பேருக்குச் சோறு தூக்கல். மீதிப் பேருக்கு மீன், முட்டை, பயறு. வெளியே எதையும் தொடக் கூடாது. தொடக்கத்தில் ரத்தம் எடுத்தார்கள். முடிவிலும் எடுப்பார்கள்.

மரபணு பிறந்தபோது வாய்த்ததுதானாம், மாறாதாம். ஆனால் எது வேலை செய்கிறது, எது சும்மா கிடக்கிறது என்பதில் தட்டில் விழுவதற்கும் பங்குண்டாம். அதைத்தான் பார்க்கிறார்கள்.

நூற்றுப் பதினெட்டுக் கிலோ உடையப்பனுக்கு மீன் பெட்டி கிடைத்தது. மனைவி போய்ச் சேர்ந்து மூன்று வருடம். மகள் ஜொகூரில், தீபாவளிக்குப் போன் வரும். புந்தோங் அடுக்குமாடியில் அவன் தின்றானா, பட்டினி கிடந்தானா என்று கேட்க நாதி கிடையாது, இந்த ஏழு மணிப் போனைத் தவிர.

நாளை ரத்தம் கொடுத்தால் அதுவும் முடிந்தது.

மனுஷன் நாலு நாளாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்தான். கூடச் சேர்ந்த ஜெயபாலன் முதல் வாரத்திலேயே தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கை வெட்டிவிட்டு மாட்டிக்கொண்டான். அவனைத் திட்டக்கூட இல்லை. முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்க வைத்தார்கள். கொடுத்துவைத்தவன்! அவனுக்கு இன்னும் ஒரு வாரம் போன் வரும்.

“தப்பு பண்ணிட்டேம்மா,” என்றான் உடையப்பன். “மூனு நாளா மாமாக் கடையில ரொட்டி சானாய் சாப்ட்டேன். மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்க வேண்டியதுதான் லா.”

பச்சைப் பொய். ஐம்பத்தைந்து நாளாக வெளிச்சோறு ஒரு பருக்கை அவன் வாயில் படவில்லை. வீட்டுக்குக் கீழே மாமாக் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் கமருதீன் பரோட்டா சுட்டுக்கொண்டே கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போனார்.

அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது.

“மொத ரெண்டு வாரம்னாதான் திரும்ப ஆரம்பிப்பாங்கண்ணே. இப்ப பேரை எடுத்துருவாங்க,” என்றாள். குரல் இறங்கியிருந்தது. “நேத்துதான் முடிவாச்சு. முழுசா முடிச்சவங்களுக்கு இன்னும் ஒரு வருசம் வாராவாரம் போன் பண்ணி விசாரிக்கணும். ஒங்க பேரைத்தான் மொதல்ல எழுதி வச்சிருந்தேன்.”

பொய்ம்மா, சும்மா சொன்னேன் என்று கத்த வேண்டும் போலிருந்தது உடையப்பனுக்கு. வாயைத் திறந்தும் விட்டான்.

“பரவால்லண்ணே. எல்லாரும் மறைச்சுத்தான் பேசுவாங்க. பொய் சொல்லாத ஆளு நீங்க ஒருத்தருதான்.”

அவனைப் பற்றி யாரும் இப்படிச் சொல்லி வருடக்கணக்காகிறது. அதையும் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

“சரிம்மா,” என்றான்.